பழைய கிறீஸ் ஏன் வெளியே வரவேண்டும்?

உழவு இயந்திரத்துக்குக் கிறீஸ் அடிப்பதைக் கிட்ட நின்று பார்க்கும் எவருக்கும் இரண்டு சந்தேகங்கள் எழுவதுண்டு. எண்ணெய் விரலில் பட்டால் வழுக்குகிறது, கிறீஸ் பட்டால் ஒட்டிக்கொள்கிறது. அவ்வாறிருக்க, இரும்போடு இரும்பு உரசும் மூட்டுகளுக்குள் வழுக்கும் பொருளை விட்டுவிட்டு ஒட்டும் பொருளை ஏன் ஏற்றவேண்டும் என்பது முதலாவது. மூட்டுக்குள் இருக்கவேண்டிய கிறீஸ் விளிம்பால் பிதுங்கி நிலத்தில் விழும்வரை கிறீஸ் கன்னை அமுக்கிக்கொண்டேயிருப்பது வீண்செலவு அல்லவா என்பது இரண்டாவது. கேள்விகள் இரண்டாயினும் விடை ஒன்றே. அந்த விடையை எட்டுவதற்குச் சவர்க்காரத்தின் வேதியியலையும் வன்னி மண்ணின் இயல்பையும் சற்றுத் தொட்டுச் செல்லவேண்டும்.

கிளிநொச்சி நகருக்குக் கிழக்கே, இரணைமடுக் குளத்தின் பாய்ச்சலில் நெல் விளையும் வட்டக்கச்சியில் உழவு இயந்திரம் ஆண்டில் இரண்டு வேறுபட்ட உலகங்களில் வேலை செய்கிறது. காலபோகத்துக்கு முன்னர், மாரி மழை தொடங்குவதற்குள் புழுதி விதைப்புக்காக நிலம் காய்ந்த நிலையிலேயே உழப்படுகிறது. சிறுபோகத்திலோ வாய்க்கால் நீரை வரம்புக்குள் கட்டி, இரும்புச் சில்லுப் பூட்டி, சேறு கலக்கப்படுகிறது. முதலாவதில் இயந்திரத்தின் எதிரி தூசி, இரண்டாவதில் சேறு. பராமரிப்புக் கைநூல்கள் பொதுவாக இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு மிதமான நிலத்தை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன என்பதால், அவற்றை வன்னியில் வரிக்கு வரி பின்பற்றுவது போதாது.

சவர்க்காரத்துக்குள் எண்ணெய்

கிறீஸ் என்பது எண்ணெய்க்கு மாற்றான வேறொரு பொருள் அன்று. அதன் பெரும்பகுதி எண்ணெய்தான். நூறு பங்கு கிறீஸில் எழுபது முதல் தொண்ணூற்றைந்து பங்குவரை எண்ணெயும், மீதியில் பெரும்பாலும் ஒருவகைச் சவர்க்காரமும் இருக்கின்றன. கை கழுவும் சவர்க்காரம் சோடியத்தையும் கொழுப்பமிலத்தையும் சேர்த்துச் செய்யப்படுவது. சோடியத்தின் இடத்தில் கல்சியத்தையோ இலிதியத்தையோ வைத்தால் நீரில் இலகுவில் கரையாத சவர்க்காரம் கிடைக்கும். இந்தச் சவர்க்காரம் எண்ணெய்க்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நார்களாகப் பின்னி, ஊறிய தும்புக் கட்டு நீரைத் தாங்கி வைத்திருப்பதைப் போல எண்ணெயைத் தன்னுள் பிடித்துவைக்கிறது. மூட்டு அசைந்து நார்ப்பின்னல் நசுங்கும்போது எண்ணெய் கசிந்து இரும்பின்மேல் படர்கிறது. ஆகவே வழுக்குகிற வேலையைச் செய்வது அங்கும் எண்ணெயே. சவர்க்காரம் அந்த எண்ணெய் வடிந்து ஓடிவிடாமல் காக்கிறது.

எண்ணெயை எவ்வளவு மெல்லத் தள்ளினாலும் அது நகரும். கிறீஸோ ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளினால்தான் நகரும். அந்த அளவை இந்நூல் அசைவெல்லை என்று குறிக்கிறது. தன் சொந்தப் பாரம் அசைவெல்லையைத் தாண்டாததால் கிறீஸ் செங்குத்தான தண்டிலும் வழியாமல் நிற்கிறது. ஆனால் தண்டு திரும்பும்போது உண்டாகும் உரசல் அந்த எல்லையைத் தாண்டிவிடுவதால், உரசும் இடத்தில் மட்டும் அது இளகி எண்ணெய்க்குரிய குணத்தைப் பெறுகிறது. விரலில் ஒட்டும் அதே பொருள் மூட்டுக்குள் வழுக்குவதன் காரணம் இதுதான். கிறீஸ் பேணிகளில் காணப்படும் 2 என்ற எண்ணும் இந்த இறுக்கத்தையே காட்டுகிறது: 25 பாகை செல்சியஸில் ஒரு நியமக் கூம்பை ஐந்து செக்கன்கள் கிறீஸில் இறங்கவிட்டு, அது 26.5 முதல் 29.5 மில்லிமீற்றர்வரை இறங்கினால் அக்கிறீஸுக்கு இரண்டாம் இலக்கம் வழங்கப்படுகிறது. உழவு இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது இந்த இலக்கமே.

இந்த உபாயம் புதிதன்று. மாட்டு வண்டியின் அச்சுக்கு வைக்கோற் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசிய காலத்திலும் திண்மப் பொருள் ஒன்று எண்ணெயைப் பிடித்துவைத்தது. இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் இலிதியக் கிறீஸ் 1940களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ள் பெற்ற காப்புரிமைகளோடு தொடங்குகிறது. அதன் சவர்க்காரத்துக்கு வேண்டிய கொழுப்பமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்தே எடுக்கப்படுகிறது. உலக ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில், குறிப்பாகக் குஜராத்தில் விளைகிறது. வன்னியின் தெருவோரங்களில் தானாக முளைத்து நிற்கும் அதே செடியின் உறவு, பேணியில் அடைபட்டு மீண்டும் வயலுக்கு வருகிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

இலிதியக் கிறீஸ் சூட்டை நன்கு தாங்கும். கல்சியக் கிறீஸ் நீருக்கு நன்கு ஈடுகொடுக்கும். ஆயினும் அதன் பழைய வகைகள் அதிகச் சூட்டில் இளகி ஓடிவிடும். சோடியக் கிறீஸ் நீரில் கரைந்துவிடுமாதலால் வயல் வேலைக்கு அறவே உதவாது. ஒருவகைச் சவர்க்காரத்தின் நார்ப்பின்னலை இன்னொரு வகை குலைத்துவிடவும் கூடும் என்பதால், கிடைத்த பேணியை எல்லாம் ஒரே மூட்டுக்குள் மாறிமாறி ஏற்றுவது நல்லதன்று. வகையை மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையது முழுவதும் வெளியேறும்வரை புதியதை ஏற்றவேண்டும்.

இரணைமடுவின் மணல்

இரணைமடுவின் பெயர் விவசாயத்துக்கு வெளியேயும் அறியப்பட்டது. இலங்கையின் உலர்வலயத்துக் கரையோரச் சரளையும் செம்மணலும் சேர்ந்த பழைய படிவுகளைத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல இரணைமடுப் படிவு என்ற பெயரிலேயே விவரித்தார். அந்தப் படிவுகளில் கற்கால மனிதரின் கருவிகள் கிடைத்துள்ளன. அக்கருவிகளிற் பல படிகக்கல்லால் ஆனவை. வெட்டவும் சீவவும் ஆதிமனிதர் அந்தக் கல்லைத் தேர்ந்ததற்கு அதன் கடினமும் ஒரு காரணம். கனிமங்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்துவரை அளக்கும் மோவின் அளவுகோலில் படிகக்கல் ஏழாம் இடத்தில் இருக்க, சாதாரண உருக்கு நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலேயே நிற்கிறது. வயலில் காலில் மிதிபடும் மணலும் பெரும்பாலும் அதே படிகக்கல்லின் துகள்தான். அது இரும்பைக் கீறும். இரும்பு அதைக் கீறாது.

எல்லாத் துகளும் ஒரே அளவில் தீங்கு செய்வதில்லை. மூட்டில் தண்டுக்கும் அதைச் சூழ்ந்த புஷ்ஷுக்கும் இடையிலான வெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு. பருமணல் அதற்குள் நுழையவே முடியாது. களித்துகள் மில்லிமீற்றரின் ஐந்நூற்றில் ஒரு பங்கிலும் சிறியதாதலால் நுழைந்தாலும் பெரிதாகக் கீறுவதில்லை. இவற்றுக்கு இடைப்பட்ட மண்டித்துகளும் நுண்மணலுமே அந்த வெளிக்குள் நுழையவும் இருபுறச் சுவரையும் ஒருசேரத் தொடவும் அளவானவை. சேறு கலக்கும்போது நீரில் மிதந்து, வயல் நீரைக் கலங்கலாக்கிக்கொண்டு சில்லின் குடத்தைச் சுற்றி நிற்பதும் இவைதான்.

உள்ளே போன துகள் என்ன செய்கிறது என்பதில் ஒரு விந்தை உண்டு. புஷ் வெண்கலம் போன்ற மெதுவான உலோகத்தால் ஆனது. தண்டு கடினமான உருக்கு. தேய்வது மெதுவானதாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் துகள் மெதுவான வெண்கலத்தில் புதைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, எதிரே உள்ள உருக்கை ஓயாமல் அராவுகிறது. கழற்றிப் பார்க்கும்போது புஷ் ஓரளவு ஒழுங்காகவும் தண்டு இடை மெலிந்தும் இருப்பதைக் கண்டு, தண்டின் உருக்குத் தரமற்றது என்று குறை சொல்வது வழக்கம். குற்றம் உருக்கில் இல்லை. மண் உள்ளே போக வழி இருந்தது.

இப்போது இரண்டாவது சந்தேகத்துக்கு விடை கிடைக்கிறது. சேற்றில் உழைக்கும் மூட்டில் கிறீஸின் முதல் வேலை வழுக்குவதன்று, அடைப்பது. எண்ணெயைப்போல் வழிந்துவிடாமல், வெளியை முழுவதுமாக நிரப்பி விளிம்பில் ஒரு வளையமாகப் பிதுங்கி நிற்கும் கிறீஸ், கலங்கல் நீர் நுழைய இடம் விடுவதில்லை. நுழைந்துவிட்ட துகளையும் தன்னோடு வெளியே கொண்டுபோவது அதற்குப் பின்னால் வரும் புதிய கிறீஸ். வெளியே விழுவது வீணான கிறீஸ் அன்று, வேலை முடித்த கிறீஸ்.

ஒரு நிப்பிளின் கணக்கு

நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் முன் சில்லைத் திருப்பும் செங்குத்துத் தண்டை, கராஜ்களில் கிங் பின் என்று சொல்லப்படுவதை, உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். தண்டின் குறுக்களவு 30 மில்லிமீற்றர், புஷ்ஷின் நீளம் 60 மில்லிமீற்றர், இரண்டுக்கும் இடையே சுற்றிவர உள்ள வெளி 0.1 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், தண்டின் சுற்றளவு சுமார் 94 மில்லிமீற்றர். அதை நீளத்தாலும் வெளியாலும் பெருக்கினால் கிடைப்பது அரைக் கன சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டிய இடம். அரைக் கிராம் கிறீஸ் போதும். சாதாரணக் கைக் கிறீஸ் கன் ஒரு தள்ளுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் தரும். கணக்கின்படி ஒரே தள்ளில் மூட்டு நிரம்பி வழியவேண்டும்.

நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை; ஏனெனில் கிறீஸ் எப்போதும் இலகுவான வழியையே தேடும். இயந்திரத்தின் பாரம் தண்டைப் புஷ்ஷின் ஒரு பக்கத்தில் அழுத்தி வைத்திருப்பதால் அந்தப் பக்கத்து வெளி ஏறக்குறைய மூடியிருக்க, எதிர்ப்பக்கம் அகன்று கிடக்கும். ஏற்றப்படும் கிறீஸ் அகன்ற பக்கத்தால் ஓடி விளிம்பில் எட்டிப்பார்க்கும். பாரம் தாங்கித் தேய்ந்துகொண்டிருக்கும் பக்கத்துக்கு ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. முன்னச்சை யக்கால் சற்றே உயர்த்திச் சில்லு நிலத்தைத் தொடாதவாறு வைத்து, ஸ்ரேரிங்கை இடமும் வலமும் திருப்பித் திருப்பி ஏற்றினால் கிறீஸ் சுற்றிவரப் பரவும். யக் வைக்கும் ஐந்து நிமிடச் சிரமத்தைத் தவிர்ப்பவர்கள் பத்துத் தள்ளுக் கிறீஸைத் தவறான பக்கத்தில் செலவிடுகிறார்கள்.

அதே தண்டு தேய்ந்து, சுற்றிவர உள்ள வெளி 0.5 மில்லிமீற்றர் ஆகிவிட்டது என்று கொண்டால், அரைக் கிராம் கொண்ட இடத்துக்கு இரண்டரைக் கிராம் வேண்டும். ஒரு தள்ளில் எட்டிப்பார்த்த கிறீஸ் மூன்றாம் தள்ளில்தான் வெளிவரும். எனவே கிறீஸ் கன் ஏற்றும் கருவி மட்டுமன்று, அளக்கும் கருவியுமாகிறது. எத்தனை தள்ளில் பழையது வெளிவந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர், தண்டைக் கழற்றாமலே அதன் தேய்வை அறிந்துகொள்கிறார். வெளிவந்த கிறீஸின் நிறமும் செய்தி சொல்லும். சாம்பல் நிறத்தில் மினுங்கினால் உலோகம் தேய்கிறது, செம்மை கலந்திருந்தால் உள்ளே கறல் பிடித்திருக்கிறது, பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது.

கிறீஸ் கன்னைப் பொருத்தும் வாயான நிப்பிளின் தலையில் சின்னஞ்சிறு குண்டு ஒன்று வில்லால் தள்ளப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும். கிறீஸ் கன்னின் அமுக்கம் அதை உள்ளே தள்ளி வழி திறக்கும். ஒஸ்திரியாவில் பிறந்த ஒஸ்கார் சேர்க் 1929இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வடிவத்திலிருந்து இது பெரிதாக மாறவில்லை. உழவு இயந்திரத்தின் பின் ரயரில் இருக்கும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஓரிரு மடங்குதான். கைக் கிறீஸ் கன்னோ சில நூறு மடங்கை எட்டக்கூடியது. இதனால் இரண்டு எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. றப்பர் சீல் பூட்டிய பெயாரிங்குகளில் கிறீஸ் வெளிவரும்வரை அமுக்கினால் வெளிவருவது கிறீஸ் அல்ல, சீல்தான். அங்கே ஓரிரு தள்ளோடு நிறுத்தவேண்டும். அடைபட்ட நிப்பிளில் கசியும் இடத்தை விரலால் பொத்திப் பிடித்தால் அந்த அமுக்கம் கிறீஸைத் தோலுக்குள்ளேயே செலுத்திவிடும். சிறு துளைபோல் தெரியும் அந்தக் காயம் உடனடியாக மருத்துவமனைக்குப் போகவேண்டிய காயமாகும்.

காலையிலா, மாலையிலா

காலையில் வயலுக்கு இறங்குமுன் கிறீஸ் அடிப்பதே பரவலான வழக்கம். வரண்ட நிலத்தில் இதில் குறையில்லை. சேற்று உழவு நாட்களில் மாலையே சரியான வேளை என்பதற்குப் பௌதிகத்தில் வலுவான காரணம் இருக்கிறது. நாள் முழுவதும் உழைத்த குடமும் மூட்டும் சூடேறி, உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறியிருக்கும். அந்தச் சூட்டோடு இயந்திரத்தை வாய்க்காலுக்குள் இறக்கிக் கழுவினால், உலோகம் சட்டென்று குளிர்ந்து, எஞ்சிய காற்று சுருங்கி, வெளியே சூழ்ந்துள்ள நீரைச் சீலின் விளிம்பால் உள்ளே இழுத்துக்கொள்ளும். சேற்றில் ஒரு நாள் முழுவதும் புகாத நீர் கழுவும் பத்து நிமிடத்தில் புகுந்துவிடுவது இவ்வாறுதான். புகுந்த நீர் இரவு முழுவதும் உருக்கின்மேல் கிடந்து கறலாக்குகிறது. கறலும் ஒரு கடினமான தூளே என்பதால் மறுநாள் அது மணலின் வேலையைத் தொடர்கிறது.

ஆகவே வேலை முடிந்ததும் இயந்திரத்தைச் சிறிது ஆறவிட்டு, கழுவி, நிப்பிள்களைத் துடைத்து, உள்ளே போன நீர் வெளியேறும்வரை அன்று மாலையே கிறீஸ் ஏற்றிவிடுவதே நன்று. பத்து நிப்பிள்களுக்குத் தலா மூன்று தள்ளு என்றால் நாளொன்றுக்கு 30 கிராம். 400 கிராம் கிறீஸ் கிட்டத்தட்ட இரண்டு கிழமைக்குக் காணும். ஒரு தண்டையும் புஷ்ஷையும் புதிதாகப் போடும் செலவோடு ஒப்பிட்டால் இது பொருட்படுத்தத்தக்க தொகையன்று.

இரண்டு சில்லு இயந்திரத்தின் கதை சற்று வேறு. எந்த நிறுவனத்தின் தயாரிப்பானாலும் வன்னியில் லாண்ட்மாஸ்ரர் என்றே அழைக்கப்படும் இவ்வகையில் முன்னோடியான ஒரு வடிவத்தை 1950களில் உருவாக்கியவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010). மண்ணை உழுது புரட்டுவதே வெப்பமண்டலத்துக்கு ஏற்றதா என்று பிற்காலத்தில் அவரே ஐயுற்று, உழவைக் குறைக்கும் முறைகளின் பக்கம் திரும்பியது தனிக் கதை. இரண்டு சில்லு இயந்திரத்தில் நிப்பிள்கள் குறைவு. பற்சில்லுகள் பெரும்பாலும் ஒயிலில் மூழ்கியே சுழல்கின்றன. ஆனால் முழு இயந்திரமும் சேற்றுமட்டத்துக்கு அருகிலேயே ஓடுவதால், அச்சுச் சீல் வழியே பெட்டி ஒயிலுக்குள் நீர் கலக்கிறதா என்பதே இங்கு முதற் கவனம். கீழ்ச் சுரையைச் சற்றுத் தளர்த்தினால் ஒயிலைவிடப் பாரமான நீர் முதலில் சொட்டும். ஒயில் வெளுத்திருந்தால் அதைக் கணக்குப் பார்க்காமல் மாற்றவேண்டும்.

எஞ்சின் குடிக்கும் காற்று

சேற்று உழவில் கிறீஸுக்கு இருக்கும் இடம் புழுதி உழவில் காற்று வடிக்கு உரியது. இலங்கையில் நெடுங்காலமாக ஓடும் மெசி பெர்கூசன் 135, 240 ஆகியவற்றின் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின் 2.5 லீற்றர் கொள்ளளவுடையது. நாலடிப்பு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அந்தக் கொள்ளளவை நிரப்புகிறது என்பதால், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது ஏறத்தாழ 2,500 லீற்றர் காற்றை உள்ளே இழுக்கும். பத்து மணிநேர உழவில் 1,500 கன மீற்றர், அதாவது ஒரு சாதாரண வீட்டைப் பலமுறை நிரப்பக்கூடிய காற்று. ஆவணி புரட்டாதிப் புழுதியில் அந்தக் காற்றோடு வருவது முன்சொன்ன அதே படிகக்கல் தூள்.

பழைய எஞ்சின்களில் காற்று முதலில் ஒரு கிண்ண ஒயிலின்மேல் மோதித் தூசியை அங்கே விட்டுவிட்டு வலைக்குள் நுழைகிறது. கிண்ண ஒயில் தடித்து அடியில் மண்டி தங்கியதும் அது வேலை செய்வதை நிறுத்திவிடும். புழுதி உழவில் இதை நாள்தோறும் திறந்து பார்க்கவேண்டும். குறிக்கு மேலே ஒயில் விடுவது பாதுகாப்பைக் கூட்டாது, எஞ்சினே அந்த ஒயிலை உறிஞ்சிவிடும். எஞ்சின் ஒயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துப்போவதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணுவோர் உண்டு. அது கறுப்பது கரித்துகளைச் சுவரில் படியவிடாமல் தன்னுள் தாங்கிக்கொள்வதால். டீசல் எஞ்சினில் கறுக்காத ஒயிலே சந்தேகத்துக்குரியது.

எரிபொருளும் ஒரு மசகு, அதாவது உராய்வைக் குறைக்கும் பொருள், என்பது பொதுவாக மறக்கப்படுகிறது. இந்த எஞ்சின்களின் டீசல் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதன் நுண்ணிய உறுப்புகளை வழுக்க வைக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எரியும், ஆனால் டீசலளவு வழுக்காது; தனி மண்ணெண்ணெயில் ஓடும் டீசல் பம்பு உள்ளுக்குள் தேய்ந்து, எஞ்சினைக் கிளப்புவதே நாளடைவில் சிரமமாகும்.

மணியும் கொப்பியும்

போருக்குப் பின்னர் இந்திய அரசு வட மாகாண விவசாயிகளுக்கென 500 உழவு இயந்திரங்களை வழங்கியது. பலர் தனித்தனியாகவும் புதியவற்றை வாங்கினர். பலர் கைமாறி ஓட்டும் இயந்திரத்தில் கிறீஸ் அடிப்பது யாருடைய வேலை என்பது தெளிவில்லாமல் போவது இயல்பு. சொந்தக்காரர் ஒருவர், சாரதி இன்னொருவர் என்றால் இரண்டு பேரும் மற்றவர் செய்திருப்பார் என்று நம்புவதும் இயல்பே. இயந்திரம் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மணிமானி மட்டும் இதற்குத் தீர்வாகாது. பழைய இயந்திரங்களின் மணிமானி உண்மையில் எஞ்சினின் சுற்றுகளையே எண்ணுகிறது. நிர்ணயித்த வேகத்தில் ஓடும்போது மட்டும் அது காட்டும் மணி கடிகார மணியோடு ஒத்துப்போகும். சேற்றில் மெதுவான வேகத்தில் பத்து மணிநேரம் நின்று உழைத்த இயந்திரம் ஏழு மணிநேரமே ஓடியதாகக் காட்டக்கூடும். மிகவும் கடுமையான வேலை கணக்கில் மிகவும் குறைந்துவிடும்.

ஒரு ரூபாய்க் கணக்கும் எழுதாதவர்கூட உழவு இயந்திரத்துக்கென ஒரு கொப்பி வைத்திருப்பது நன்று. திகதி, நிப்பிளின் பெயர், பழைய கிறீஸ் வெளிவர எடுத்த தள்ளுகளின் எண்ணிக்கை, அதன் நிறம் என நான்கு விடயங்கள் போதும். ஒரு போகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏதாவதொரு நிப்பிளின் தள்ளு இரட்டித்திருந்தால், அந்தப் புஷ்ஷை மழைக்கு முன்னரே மாற்றிவிடுங்கள்.